பதினோராம் பக்கத்தில் இல்லாத முத்தம்

கொட்டாஞ்சேனை
09.06.2025, திங்கள்

மேனுகா,

அன்புள்ள என்று தொடங்கப் பேனை வரவில்லை. போனில் உன்னை நேற்றே தடுத்துவிட்டேன். எடுத்தால் கத்துவேன், கத்தினால் பிள்ளைக்கு, டிலானுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். நிலாம் நானாவின் த்ரீவீலில் கொடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமைகளில் டிலானை உன் முன்பள்ளியில் கொண்டுவந்து விட்டாரே, அதே நிலாம் நானாதான். இனி அவர் கடிதம் மட்டும்தான் கொண்டு வருவார்.

என் புத்தகத்தைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. முப்பது முன்பள்ளிகளுக்குப் படப்புத்தகம் தெரிவு செய்கிற அந்தக் குழு. ‘டிங்குவின் அப்பா தூங்கவில்லை’ சின்னப் பிள்ளைகளுக்குப் பொருத்தமில்லையாம். இரண்டு பேரிடம் அபிப்பிராயம் கேட்டார்களாம். ஒருவர் நல்லது என்று நாலு வரி எழுதியிருக்கிறார். மற்றவர் ஒன்றரைப் பக்கம். பெயர் இருந்த இடத்தை வெள்ளைத்தாளால் மறைத்துப் போட்டோக்கொப்பி எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் இப்படி ஒரு இடம்:

‘பதினோராம் பக்கத்தில், சவப்பெட்டியில் கிடக்கும் தகப்பனின் நெற்றியில் சிறுவன் முத்தமிடுகிறான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மனதில் இது ஆறாத பயத்தை உண்டாக்கும். இந்த ஒரு படத்துக்காகவே நூலை நிராகரிக்கலாம்.’

வாசித்ததும் அழுதேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் தெரியுமா? குழுவுக்கு நான் அனுப்பின புத்தகத்தில் அந்த முத்தம் இல்லை. மார்ச் மாதமே அதை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தில் வேறொரு படம் கீறினேன். முத்தம் இருந்தது, பென்சிலால் கீறி ஸ்டேப்ளர் அடித்த முதல் பிரதியில் மட்டும். அதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள்தான். பெப்ரவரியில், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே பார்த்தாய். “நல்லாயிருக்கடி றோசி, அழுகை வருது” என்றாய்.

கூட இருந்து குழி பறிக்கிறது என்பார்கள். குழி பறிக்கிறவள் கவனமாகவாவது பறிப்பாள். நீ புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அவ்வளவு அலட்சியமா உனக்கு?

நான் அதை முப்பது பள்ளிக்கூடங்களுக்காகக் கீறவில்லை என்று உனக்குத் தெரியும். றொஹான் போய் எட்டு மாதம். ஒகஸ்ட்டில் டிலானுக்கு ஐந்து வயது. அன்றைக்கு அவன் கையில் அச்சடித்த ஒரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும், மற்றப் பிள்ளைகளும் அதே புத்தகத்தை வாசிக்க வேண்டும், அப்பா செத்துப்போவது தனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை என்று என் பிள்ளைக்கு விளங்க வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராததைத்தான் கீறினேன்.

நீதானா என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கிறேன்.

றொசானா

*

வெள்ளவத்தை
12.06.2025

அன்புள்ள றோசி,

நான் அன்புள்ள என்றுதான் தொடங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது.

ஓம், நான்தான் எழுதினேன். குழு என்னைக் கேட்டபோது, இது என் சிநேகிதியின் புத்தகம், எனக்கு வேண்டாம் என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அபிப்பிராயம் பிழையில்லை. பதினான்கு வருடமாக மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பள்ளிக் கதைப்புத்தகத்தில் முதலை குரங்கைக் கடிக்கிற பக்கத்தின் மேல் நான் பச்சைத்தாள் ஒட்டியதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அந்தக் கதை வாசித்த அன்று ஒரு பிள்ளை கழிவறைக்குப் போகமாட்டேன் என்று நின்றது, கொமட்டுக்குள் முதலை இருக்கிறதாம். தாய் வந்து என்னோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தா. அதற்குப் பிறகு என் பள்ளியில் எந்த மிருகமும் எந்த மிருகத்தையும் கடிப்பதில்லை. ஓநாய்கூடக் கதை முடிவில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாணந்துறைக்குப் போய்விடும்.

நீ கீறுகிறாய். வாசித்துக் காட்டிவிட்டு அந்த முப்பது சோடிக் கண்களைப் பார்க்கிறது நான். கடைசிப் பக்கம் மூடியதும் பிள்ளை எழும்பி விளையாடப் போக வேண்டும், அதுதான் நல்ல படப்புத்தகம் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைகளைச் செத்த வீட்டில் வைத்திருப்பதில்லை. என் அப்பா நமசிவாயம் போனபோது எனக்கு ஏழு வயது. என்னைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது வீடு கழுவியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் நன்றாகத்தானே வளர்ந்தேன்? உங்கள் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக் குடும்பமே சுற்றி நின்று படம் எடுப்பீர்கள். உன் அப்பா பேதுருவின் பெட்டிக்குப் பக்கத்தில் நீ வெள்ளைக் கவுனோடு நிற்கிற படம் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இத்தனை வருடம் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லுகிறேன்.

பதினோராம் பக்கம் பற்றி: இரண்டு பிரதியும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். பள்ளியில் விளையாட்டுப்போட்டி வேலை தலைக்கு மேலே இருந்தது.

டிலானைச் சனிக்கிழமை அனுப்பு. பெரியவர்களுடைய கோபத்தைப் பிள்ளையில் காட்ட வேண்டாம்.

மேனுகா

*

கொட்டாஞ்சேனை
14.06.2025, சனி

மேனுகா,

நேற்று அந்தோனியார் திருநாள். றோட்டெல்லாம் அடைப்பு, நிலாம் நானா வரமாட்டேன் என்றுவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. நேற்று எழுதியிருந்தால் திருநாளும் அதுவுமாய்க் கெட்ட வார்த்தை எழுதியிருப்பேன்.

எனக்குப் பாடம் நடத்துகிறாயா நீ? ஓநாய் பாணந்துறைக்குப் போய்விட்டால் பிள்ளை பிறகு பாணந்துறை பஸ்ஸைக் கண்டு பயப்படாதா? அந்தப் பச்சைத்தாளைப் பிள்ளைகள் நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறார்கள், மூன்று தரம் மாற்றி ஒட்டிவிட்டேன் என்று நீதான் என்னிடம் சொன்னாய். மறைத்து வைத்ததைத்தான் அதுகள் தேடும். டிலானை என் தம்பி வின்சன்ற் பேலியகொடை மீன் சந்தைக்குக் கூட்டிப் போகிறவன். பெரிய கெலவல்லா மீனின் தலை வேறு உடம்பு வேறாய்ப் போவதை மடியில் இருந்து பார்த்துவிட்டு வந்து, “அம்மா, மீனுக்கு இப்ப நோகாது, அது செத்திட்டுது” என்று எனக்கு விளக்கம் சொன்னான். மீன் செத்தால் விளங்குகிற பிள்ளைக்கு அப்பா செத்தால் விளங்காதா?

நன்றாகத்தானே வளர்ந்தேன் என்று கேட்டிருக்கிறாய். இல்லை, மேனுகா. பத்தாம் வகுப்பிலும் உங்கள் வீட்டு மணி அடித்தால் நீதான் முதலில் எழும்பி ஓடுவாய். திறந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். நானும் உன்னை ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லு. றொஹான் வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் முடிந்த அன்று, பிள்ளையை உன் கையில் தந்தேன். அடுத்த நாள் அடக்கம். காலையில் உனக்குப் போன் எடுத்து என்ன சொன்னேன்? “மூண்டு மணிக்குப் பெட்டி மூடுவாங்க. ரெண்டரைக்குப் பிள்ளையக் கொண்டு வா. அவன் அப்பாவக் கொஞ்சோணும்.” ஓம் ஓம் என்றாய். நீ வந்தது ஆறு மணிக்கு. காலி வீதியில் ட்ரஃபிக், போனில் சார்ஜ் இல்லை என்றாய். மூன்றரை வரைக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆட்கள் கிசுகிசுக்கிறார்கள். நான் வாசலையே பார்க்கிறேன். கடைசியில் வின்சன்ற் வந்து என் கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான்.

ட்ரஃபிக் என்று நம்பினேன். கொழும்பில் யார்தான் நம்பமாட்டார்கள்?

அதனால்தான் முத்தத்தை எடுத்தேன். என் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்றை டிங்குவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில், அன்றைக்கு நான் கண்ணால் கண்டதை அப்படியே கீறினேன். குழு உனக்கு அனுப்பின பிரதி இன்னும் உறையோடு கிடக்கும். திற. பதினோராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுது.

றொசானா

*

வெள்ளவத்தை
19.06.2025

றோசி,

உறையோடுதான் கிடந்தது. திறந்து பார்த்தேன். ஐந்து நாளாக அந்தப் பக்கம் என் மேசையில் விரித்தபடி இருக்கிறது.

டிங்கு வாசலில் நிற்கிறான். உள்ளே கதிரைகளை அடுக்குகிறார்கள். மெழுகுதிரி அணைந்திருக்கிறது. ஒரு பெண் அவன் கையைப் பிடித்திருக்கிறாள், அவளுக்குக் கழுத்துக்கு மேலே நீ கீறவில்லை. டிங்குவின் வெள்ளைக் காற்சட்டைக்குக் கீழே, முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் கடற்கரை மணல். ட்ரஃபிக்கில் நின்ற பிள்ளைக்குக் காலில் மணல் எப்படி வந்தது என்று யோசித்துக் கீறினாயா, யோசிக்காமல் கீறினாயா, எனக்குத் தெரியாது. கண்டதைக் கீறினேன் என்கிறாய். நம்புகிறேன். உன் கண் அப்படி.

ட்ரஃபிக் இருக்கவில்லை. போனில் சார்ஜ் இருந்தது. நான்தான் நிறுத்தி வைத்தேன்.

அவனைக் குளிப்பாட்டி வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டேன். றோட்டுக்கு வந்து த்ரீவீலும் மறித்தேன். ஏறப் போகும்போது, “ஆன்ட்டி, நாங்க எங்க போறம்?” என்று கேட்டான். அப்பாவைப் பார்க்க என்று சொல்ல என் வாய் வரவில்லை, றோசி. பெட்டிக்குள் கிடக்கிற முகத்தில் அந்தப் பிள்ளை வாயை வைப்பதை நினைத்தேன். “எப்பா மல்லி, யன்ன” என்று, வேண்டாம் தம்பி போ என்று சிங்களத்தில் சொல்லி த்ரீவீல்காரனை அனுப்பிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். நீ பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நேரத்தில் நாங்கள் மணலில் நண்டுப் பொந்து தோண்டிக்கொண்டிருந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் உன் முகத்தைப் பார்த்து எப்போதோ சொல்லியிருப்பேன். முடியவில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கப்பல்கள் ஐந்தாறு கடலில் நின்றன. அவன்தான் கேட்டான், “அப்பா அந்தக் கப்பல்லயா?” என்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருடைய பிள்ளை, கப்பல் என்றால் அவனுக்கு அப்பாதானே. நான் ஓம் என்றேன். பிறகு எப்ப வருவார் என்று கேட்டான். “நீ பெரிய பள்ளிக்கூடத்தில ஆண்டு ஒண்டுக்குப் போகேக்க வருவார்” என்றேன். அது நெடுந்தூரமாக இருந்தது. அதற்குள் மறந்துவிடுவான் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மற்றப் பிள்ளைகள் போகும்வரை பார்த்திருந்து, என் காதுக்குள் வந்து கேட்பான். “அம்மாட்டச் சொல்லாதீங்கோ, அழுவா” என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

உன் புத்தகம் அச்சாகி அவன் கைக்குப் போனால் என் பொய் வெளியில் வந்துவிடும். பெப்ரவரியில் தோசை சுடும்போதே அது எனக்கு விளங்கிவிட்டது. அபிப்பிராயத் தாளில் பிள்ளைகளுக்குப் பயம் வரும் என்று எழுதினேன். பயந்தது நான்.

மேனுகா

*

கொட்டாஞ்சேனை
20.06.2025

ஏழெட்டு மாதமாக என் பிள்ளை காலையில் கண் முழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, “அம்மா, ஆண்டு ஒண்டுக்கு இன்னும் எத்தின நாள்?”

படிப்பில் ஆசை என்று நினைத்தேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன்னிடமும் சொன்னேன். “கெட்டிக்காரன்” என்றாய். அதை எப்படியடி சொன்னாய்? முகம் மாறாமல் சொன்னாயே!

கலண்டர் ஒன்று வாங்கிக் குசினிச் சுவரில் மாட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளாக நீலப் பென்சிலால் வெட்டுகிறான். கை எட்டாது என்று நான்தான் தூக்கிப் பிடிக்கிறேன். இன்றைக்குக் காலையிலும் தூக்கினேன்.

நீ ஒரு மனுசியா?

இனி எனக்கு எழுதாதே.

*

வெள்ளவத்தை
24.06.2025

றோசி,

எழுதாதே என்றாய். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன். நிலாம் நானா வாங்கமாட்டேன் என்றார். “அந்தப் புள்ள அழுதுக்கிட்டே வாங்குது மேடம், எனக்கு ஏலாது” என்று சொன்னார். கெஞ்சித்தான் கொடுத்தேன்.

குழுவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். புத்தகத்தைத் திறக்காமல் அபிப்பிராயம் எழுதினேன், கீறியவர் என் சிநேகிதி, காரணம் என் சொந்தக் காரணம் என்று. வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பப் பார்ப்பார்களாம். அபிப்பிராயம் எழுதுகிறவர்களில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது சரிதான். அவர்களுக்கு எழுதின இந்த மூன்று வருடத்தில் நான் வேண்டாம் என்று தள்ளின மற்றப் புத்தகங்களையும் நினைத்துப் பார்க்கிறேன். எத்தனையைத் திறந்து பார்த்தேன், எத்தனையை அட்டையோடு தீர்த்தேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

டிலானுக்கு நீ சொல்லும்போது, ஆன்ட்டி சொன்னது பொய் என்றும் சொல்லிவிடு. இல்லை, இப்போது சொல்லாதே, கொஞ்ச நாள் போகட்டும். எனக்குத் தெரியவில்லை, றோசி. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இனி என்னை ஆன்ட்டி என்று கூப்பிடமாட்டான் என்பதை நினைத்தால் தாங்க முடியவில்லை, அதையும் வெட்கமில்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

நான் வந்து அவனிடம் சொல்லவா? ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். அடிக்க வேண்டுமென்றால் அடி, நான் வருகிறேன்.

மேனுகா

*

கொட்டாஞ்சேனை
30.06.2025, திங்கள்

மேனுகா,

நேற்றுப் பூசை முடிந்ததும் டிலானை, றொஹானை அடக்கம் பண்ணின சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தகத்தையும் கொண்டு போனேன். அச்சடித்தது இல்லை, குழு திருப்பி அனுப்பின பிரதிதான். நீ எழுதினதை வாசித்த பிறகு பிறந்தநாள் வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. அந்தக் கலண்டரில் இன்னொரு கோடு விழக்கூடாது.

அவன் அங்கே வந்ததே இல்லை. முப்பத்தோராம் நாளுக்கும் ஆத்துமாக்களின் திருநாளுக்கும் நான் பூக்கொண்டு போன ஒவ்வொரு தரமும் அவனை உன்னிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். அப்பா யேசுவிடம் போயிட்டார் என்று சொன்னேன், தலையாட்டினான், விளங்கிவிட்டது என்று விட்டுவிட்டேன். அவன் கணக்கில் யேசுவிடம் கப்பலில்தான் போவார்கள். செத்துப்போனார் என்ற சொல்லை எட்டு மாதமாக நானும் அவனுக்குச் சொல்லவில்லை. அது என் பங்கு. அதனால் உன் பங்கு குறையாது.

கல்லுக்குப் பக்கத்தில் இருத்தி முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். டிங்கு அப்பாவை எழுப்புகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, “உன்ர அப்பாவும் செத்துப்போனார் மகன். இதுக்குள்ளதான் வச்சிருக்கிறம்” என்றேன்.

“அப்ப கப்பல்ல இல்லையா?”

“இல்ல.”

“ஆண்டு ஒண்டுக்கு வரமாட்டாரா?”

“வரமாட்டார்.”

பதினோராம் பக்கத்தை அவனே திருப்பினான். மணலில் விரலை வைத்து, “இது நான்” என்றான். அதற்குப் பிறகு அழுத அழுகை உனக்குச் சொல்லி முடியாது. வாசலில் பூ விற்கிற சீனியம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தா. அரை மணித்தியாலம் அழுதான். ஆனால் பயப்படவில்லை, மேனுகா. கல்லில் கையை வைத்துக்கொண்டே அழுதான். பயமும் அழுகையும் ஒன்றில்லை. பதினான்கு வருடம் பிள்ளைகளோடு இருந்த உனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

திரும்பி வரும்போது உன்னைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். ஆன்ட்டி உன்னை ஏமாத்தினவ, இனி அங்க போகத் தேவையில்ல என்று சொல்ல எல்லாச் சொல்லையும் அடுக்கி வைத்திருந்தேன். ஒளித்து என்ன, அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருந்தது. கொஞ்சத் தூரம் நடந்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா, மேனுகா ஆன்ட்டிக்கு இது தெரியாது என்ன? பாவம். அவ இன்னும் அப்பா கப்பல்ல எண்டு நினைச்சிட்டு இருக்கிறா. நாங்க போய்ச் சொல்லுவம். மெல்லமாச் சொல்லோணும் அம்மா, அவ அழுவா.”

நடுறோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஏசினான். அவவுக்குத் தெரியும் மகன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அப்பா செத்தார் என்று தெரிந்த அதே நாளில் நீயும் போய்விடுவாய் அவனுக்கு. சரி, போவம் என்று சொல்லிவிட்டேன். இப்போது உனக்காக நானும் அவனுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு திரிகிறேன். இதற்குத்தான் உன்னில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம்.

நீ வர வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் வருவோம். அவன் புத்தகத்தோடு வருவான். எழுத்துக்கூட்டத் தெரியாது, படத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாக உனக்குச் சொல்லுவான். நடுவில் நிறுத்தாதே, கட்டிப்பிடிக்காதே, முழுவதும் கேள். முடிந்ததும் உன் கையைப் பிடித்து, “அழாதீங்க ஆன்ட்டி, எனக்கும் முதல்ல தெரியாது” என்பான். இன்று காலையிலிருந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு, உனக்கு முதலே தெரியும் என்று நீ அவனிடம் சொல்ல வேண்டும்.

நான் வாசலுக்கு வெளியே நிற்பேன். உள்ளே வரமாட்டேன்.

றொசானா